காத்தாடியை நிறுத்திய ஏழாம் நம்பர் பஸ்

கொம்பையா அண்ணாச்சி பொய்யே சொல்ல மாட்டார். இதை எங்களுக்குச் சொன்னது அவர்தான்.

வருஷா வருஷம் மே மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால், எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியே இருக்கிற பாலிடெக்னிக் மைதானத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்த வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்குவார். படி எத்தனை உயரம், அவசரக் கதவு திறக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா அல்லது டிரைவரின் வெற்றிலை இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார். எல்லாவற்றையும்விட முக்கியமாக கவர்னரைப் பார்ப்பார். கவர்னர் என்றால் வண்டி நாற்பதைத் தாண்டாமல் பிடித்து வைக்கிற கருவி. சில புண்ணியவான்கள் வருஷம் முழுக்க அதன் வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆய்வு அன்று காலையில் மட்டும் மாட்டிக்கொண்டு பூனை மாதிரி வந்து நிற்பார்கள். அதனால் கவர்னர் என்றாலே இன்ஸ்பெக்டர்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நானும் ஒரு பள்ளிக்கூட பஸ் டிரைவர்தான். அந்த வருஷம் வரிசையில் எனக்கு முன்னால் நின்றது கொம்பையா அண்ணாச்சியின் ஏழாம் நம்பர் பஸ். அதைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால், ஹாரன் நன்றாக இருக்கும். வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அண்ணாச்சிக்கு அன்று நெஞ்சுக்குள் கலக்கம். அவருடைய பள்ளிக்கூடத்து கரஸ்பாண்டென்ட் முந்தின நாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வண்டி இந்தத் தடவை பாஸாகவில்லை என்றால் வண்டி காயலான் கடைக்குப் போகும், கொம்பையா கேட்டுக்குப் போவார். கேட்டுக்கு என்றால் வாட்ச்மேன் வேலைக்கு. இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன், தன் பிள்ளைகளை வேறொருத்தன் ஏற்றிக்கொண்டு போகும்போது கேட்டைத் திறந்து விட வேண்டும். யாருக்குத்தான் பொறுக்கும்? பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். அண்ணாச்சிக்கு வாய் திறந்துகொள்ளும்.

ஏழாம் நம்பர் பஸ்ஸின் நிழலிலேயே நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி, நான், கான்வென்ட் பஸ் ஓட்டுகிற அந்தோணிராஜ், அப்புறம் பேச்சித்தாய். பேச்சித்தாய் அதே ஏழாம் நம்பரில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயா. பதினோரு வருஷமாக அந்த வண்டியையும் அண்ணாச்சியின் வாயையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கிறவள்.

அந்தோணிராஜ்தான் முதலில் கிண்டிவிட்டான். "அண்ணாச்சி, ஒங்க வண்டி இந்தத் தடவ தேறுமா?"

"தேறுமாவா? இன்ஸ்பெக்டரம்மா என் வண்டியப் பாத்துட்டு, மத்த வண்டியெல்லாம் எப்படி இருக்கணும்னு நோட்டுல எழுதிட்டுப் போவாவ. என்ன யாருன்னு நெனச்ச? எனக்கு லைசென்ஸ் குடுத்த கத தெரியுமாவே ஒனக்கு?"

"தெரியாது. சொல்லாம விடவா போறீங்க."

"எல்லாரும் பைக்குல எட்டுப் போடுவான். நான் பஸ்ஸுல எட்டுப் போட்டேன்."

"பஸ்ஸுக்கு ஏது அண்ணாச்சி எட்டு? அத யாரும் கேக்கவே மாட்டாங்களே."

"அதத்தாம்வே சொல்லுதேன். யாரும் கேக்கல, நானாப் போட்டேன். போட்டு முடிச்சுப் பாத்தா மைதானத்துல இன்னும் எடம் கெடக்கு. சும்மா விடுவானேன்னு பதினாறு, இருவத்தி நாலு, முப்பத்தி ரெண்டுன்னு எட்டாம் வாய்ப்பாட்ட முழுசாப் போட்டு எறக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி மழ. டயர்த் தடத்துல தண்ணி நின்னு, எழுத்து ஒவ்வொண்ணும் வாய்க்கா மாதிரி பளபளன்னு தெரியுது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாரு பிள்ளைங்கள மாடியில ஏத்தி, அதப் பாத்துதான் கணக்குச் சொல்லிக் குடுத்தாரு. மூணு வருசம் அந்தப் பள்ளிக்கூடத்துல கணக்குல எல்லாரும் நூத்துக்கு நூறு."

பேச்சித்தாய் தரையில் கிடந்த குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டே கேட்டாள். "மூணு வருசத்தோட ஏன் நின்னுச்சு?"

"எவனோ ஒரு கிறுக்கன் லாரிய அங்கன கொண்டாந்து ரிவர்ஸ் எடுத்தான் தாயி. வாய்ப்பாடு தலைகீழாப் போச்சு. அந்த வருசம் பூராப் பயலும் ஃபெயிலு."

அந்தோணிராஜ் தலையில் அடித்துக்கொண்டான். தூரத்தில் இன்ஸ்பெக்டர் மூன்றாவது வண்டியில் இருந்தார். எங்கள் முறை வர இன்னும் நேரம் இருந்தது, அண்ணாச்சிக்கும் அது தெரிந்திருந்தது.

"இந்தக் காலத்துப் பயலுவளுக்கு வேகம் வேணும். எனக்கு எதுக்கு? பையத் தின்னா பனையும் திங்கலாம். கவர்னர் மாட்ட வந்தவன் நாப்பதுல வச்சான். எதுக்குடே நாப்பது, நம்ம பிள்ளைங்க என்ன ராக்கெட்டா விடப்போவுது, இருவதுல வையின்னேன். அவன் வைக்க மாட்டேனுட்டான். அதனால என்ன? கவர்னர் அவன் மாட்டுனது வண்டிக்கு. எனக்கு கவர்னர் என் கால்ல பெறவியிலயே இருக்கு."

"எவ்வளவு பையப் போவீங்க?"

"ஒரு நாளு ஒருத்தரு, ஆண்டுவிழாவுக்கு வாசல்ல கட்டணும்னு, பச்ச வாழத்தாரு ரெண்டு தூக்கிப் போட்டாரு. பாதி வழியில செங்காயாப் போச்சு. முக்கால் வழியில பழுத்துப்போச்சு. பிள்ளைங்க பழத்தத் தின்னுட்டாங்க. போய்ச் சேந்தா ஆண்டுவிழாவுக்குப் போட்ட பந்தலப் பிரிச்சிட்டு இருக்காங்க."

"இது போன வருசத்து ஆண்டுவிழாவா?" என்று கேட்டேன்.

"போன வருசத்துக்குத்தான் கெளம்புனோம்."

இதற்கே எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணாச்சி அசரவில்லை, சிரிப்பு அடங்குகிற வரைக்கும் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சிரிங்க. பூசணிக் கொடி கதயக் கேட்டா என்ன செய்வீங்க? ரோட்டோரமா ஒரு தோட்டம். அதுல ஒரு பூசணிக் கொடி. நம்ம வண்டி போறதப் பாத்துட்டு, இது ஏதோ கொட்டக போலன்னு நெனச்சு, பின் பம்பரப் புடிச்சு மேல ஏறிட்டுது. அடுத்த ஸ்டாப்புல பூ. அதுக்கடுத்த ஸ்டாப்புல பிஞ்சு. பள்ளிக்கூடத்து வாசல்ல போய் நிப்பாட்டி மேல பாத்தா, கூரையில நாப்பது காய். ஒவ்வொண்ணும் ஒரல் மாதிரி. ஆஸ்டல்ல ஒரு மாசம் பூசணிக்கா கூட்டுதான்."

"அண்ணாச்சி, வேர் தோட்டத்துலல்லா இருக்கு," என்றாள் பேச்சித்தாய். "வண்டி நகந்தா கொடி அந்துபோவாதா?"

"எப்படி அறும்? கொடி வளர்ற வேகம் எவ்வளவோ, அவ்வளவுதான் போனேன். ஒரு நூல் கூடப் போவல. பெறவு எதுக்குத் தாயி வண்டிக்கு டிரைவர்னு ஒருத்தன் வைக்காங்க?"

பேச்சித்தாய் மறுபடியும் மண்ணைக் கீறினாள். அந்தோணிராஜ்தான் சொன்னான். "கேக்கவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பீங்க. ஊருல எல்லா டிரைவரும் வேகமாப் போனேன்னு புளுகுவான். பையப் போனேன்னு புளுகுத ஒரே ஆள் நீங்கதான்."

"புளுகா? என் நாக்கு அழுகிரும்வே! பொறந்ததுல இருந்து ஒரு பொய் சொன்னவன் இல்ல நான். சொல்லணும்னு நெனச்சாலும் 'பொய்'ங்கிற வார்த்தையே வாயில வராது. வண்டி பையப் போறதுதான் ஒனக்குப் பெருசா இருக்கு. பிரேக்கப் பத்தி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"வேண்டாம் அண்ணாச்சி," என்றேன். கேட்கவில்லை.

"போன ஆடி மாசம், கயத்தாறு ரோடு. ரெண்டு பக்கமும் கரண்டு எடுக்குத காத்தாடி காடு மாதிரி நின்னு சுத்துது. ஆடிக்காத்து, கேக்கணுமா? அப்ப ஒரு ஓணான் குறுக்க வந்துட்டுது. சின்ன உசுருன்னாலும் உசுருதான? பிரேக்குல கால வச்சேன். அழுத்தல, சும்மா வச்சேன். வண்டி நின்னுது. பின்னால வந்த பால் வண்டி நின்னுது. அந்தானைக்கு, அதே நிமிசம், காத்தும் நின்னுது! அத்தன காத்தாடியும் டக்குனு நின்னுது. மேல பறந்துட்டு இருந்த கொக்கு, எறக்கய விரிச்சபடி அந்தரத்துல நிக்கி. ஊருக்குள்ள கரண்டு போயி, மிக்சியில பாதிச் சட்னி அரபடாம நிக்கி. கரண்டு ஆபீசுல இருந்து போன் வருது. 'கொம்பையா, தயவுசெஞ்சு கால எடும்வே, நாலு தாலுகா இருட்டாக் கெடக்கு'ன்னு. 'ஓணான் ரோட்டத் தாண்டட்டும் சார், பெறவு எடுக்கேன்'னுட்டேன்."

பேச்சித்தாய் குச்சியைக் கீழே போட்டாள். "எல்லாம் நின்னுச்சுன்னா ஓணானும் நின்னுருக்கும்லா? அது எப்படித் தாண்டும்?"

அண்ணாச்சி ஒரு விநாடி யோசித்தார். ஒரே ஒரு விநாடிதான். "அதுதான் தாண்டலியே. நான்தான் எறங்கிப் போயி, அதத் தூக்கி அந்தப் பக்கம் விட்டேன்."

"நீங்க எறங்குனா பிரேக்குல கால் ஏது?"

"செருப்பக் கழத்தி பிரேக்குமேல வச்சிட்டுப் போனேன். அந்த பிரேக்குக்கு என் செருப்பு போதும்."

அப்போது விசில் சத்தம் கேட்டது. ஏழாம் நம்பரை முன்னால் எடுக்கச் சொன்னார்கள். அண்ணாச்சியின் முகம் சட்டென்று வெளிறிவிட்டது. எழுந்து வேட்டியை அவிழ்த்துக் கட்டுகிற மாதிரி இடுப்பைத் தடவினார், அன்றைக்கு அவர் காக்கிப் பேண்ட் போட்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு எங்கள் ஊர் இல்லை, வடக்கே எங்கேயோ இருந்து மாற்றலாகி வந்தவர். அதிகம் பேசமாட்டார். படியை அளந்தார், சரியாக இருந்தது. முதலுதவிப் பெட்டியைக் கவிழ்த்தார், மருந்துதான் இருந்தது. அவசரக் கதவு முதலில் முரண்டு பிடித்தது. பேச்சித்தாய் உள்ளே இருந்து ஒரு இடி இடித்தாள், திறந்துகொண்டது. பிரேக்கும் பிடித்தது. காற்று நிற்கவில்லை, வண்டி நின்றது, அது போதும். கடைசியில் பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொன்னார். சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. முள் முப்பது, முப்பத்தைந்து என்று ஏறி நாற்பதில் போய் நின்றது. அதற்கு மேலே ஒரு மயிரிழை கூட அசையவில்லை.

"கவர்னர் நல்லா வேலை செய்யுது," என்று சொல்லிவிட்டு பையிலிருந்து பாஸ் ஸ்டிக்கரை எடுத்தார் இன்ஸ்பெக்டர் அம்மா. அண்ணாச்சியின் கண் கலங்கிவிட்டது, எனக்கே மனசு நிறைந்துபோனது. அதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஸ்டிக்கரின் பின்தாளை உரித்துக்கொண்டே அந்த அம்மா சும்மா ஒரு வார்த்தை சொன்னார்.

"ஆனா இந்த வண்டிக்கு கவர்னரே தேவையில்லையே. ரோட்டுல முப்பதாவது போகுமா இது?"

அந்தோணிராஜ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "முப்பதா? மாட்டுவண்டி பின்னால வந்து ஹாரன் அடிக்கும் மேடம்!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஒரு மணி நேரமாக அண்ணாச்சி தன் வாயால் சொன்னதும் இதேதான். ஆனால் தன் பிள்ளையைத் தான் அடிக்கலாம், ஊரான் அடித்தால் விடுவானா? அவர் மீசை துடித்தது.

"யாரு, என் வண்டியா? மேடம், எழுவது போவும்! போன வாரம் நாலுவழிச் சாலையில எழுவதுல போயி, மதுரைக்குப் போற பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸ ஓவர்டேக் எடுத்தேன். அந்த டிரைவரு ஸ்டியரிங்க விட்டுட்டு ரெண்டு கையாலயும் எனக்குக் கும்பிடு போட்டாரு!"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழை வந்தால்தான் கத்தும்.

இன்ஸ்பெக்டர் அம்மா உரித்த தாளைத் திரும்ப ஒட்டினார். ஸ்டிக்கர் பைக்குள் போய்விட்டது.

"அப்படியா? அப்போ இந்த கவர்னரை எப்ப மாட்டினீங்க? இன்னைக்குக் காலையிலயா?"

"இல்ல மேடம், அது எப்பவும்..."

"எப்பவும் மாட்டியிருந்தா எழுபது எப்படிப் போகும்? பள்ளிக்கூடப் பிள்ளைங்க வண்டியில எழுபதா? இதோ பாருங்க, ரெண்டுல ஒண்ணுதான். நீங்க எழுபதுல போனது நிஜம்னா, லைசென்ஸை இப்பவே என்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. வண்டியும் ஃபெயில். இல்ல, இப்ப சொன்னது பொய்யின்னா, பொய்யின்னு சொல்லுங்க. எது?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். "பொ..." என்றார். வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடியும் "பொ..." என்றார். நெற்றியில் வேர்வை ஓடியது. வாட்ச்மேன் நாற்காலி அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் வார்த்தை தொண்டையிலேயே நின்றது. அத்தனை கேலி செய்த எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் நிஜமாகவே பாவமாக இருந்தது.

கடைசியில் மெதுவாகச் சொன்னார். "எழுவதுன்னா மேடம்... ஒரு அறுவத்தஞ்சு இருக்கும்."

"என்ன?"

"அறுவது. அறுவதுக்கு உள்ளதான். அம்பத்தஞ்சுன்னு வைங்களேன்."

சந்தையில் கத்திரிக்காய்க்கு விலை குறைக்கிற மாதிரி இறங்கிக்கொண்டே வந்தார். ஐம்பது, நாற்பத்தெட்டு. நாற்பத்தைந்தில் வந்து நின்றுகொண்டார். சட்டம் நாற்பது. இன்னும் ஐந்து இறங்கினால் பிழைத்தார். ஆனால் அதற்குக் கீழே இறங்க மனசு வரவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா லைசென்ஸுக்காகக் கையை நீட்டிவிட்டார்.

பேச்சித்தாய் படியிலிருந்து குதித்து இறங்கி நடுவில் வந்து நின்றாள்.

"மேடம், இவரு சொல்லுத ஒண்ணையும் நம்பாதீங்க. அம்புட்டும் பச்சப் புளுகு. பதினோரு வருசமா நான் இந்த வண்டியில போறேன். ஊருணிப் பக்கம் மேடு வந்தா பெரிய பிள்ளைங்க எறங்கித் தள்ளும். எழுவதாம் எழுவது! இந்த வண்டிய மலையில இருந்து உருட்டிவிட்டாலும் எழுவது போவாது."

"நீங்க அவர் வண்டி ஆயா. அவருக்குப் பரிஞ்சுதான் பேசுவீங்க."

"பரிஞ்சா? நானா? இவரு இப்ப அரைமணிக்கு முன்னால என்ன சொன்னாருன்னு கேளுங்க. பிரேக்குல கால வச்சாராம், கயத்தாறு காத்தாடியெல்லாம் நின்னுபோச்சாம்!"

"பூசணிக் கொடி வண்டியில ஏறி நாப்பது காய் காய்ச்சுதாம் மேடம்," என்றான் அந்தோணிராஜ். தன்னால் வந்த வினை என்று அவனுக்கும் உறைத்திருந்தது.

நானும் முன்னால் போய் வாய்ப்பாட்டுக் கதையைச் சொன்னேன். மூன்று வருஷம் நூற்றுக்கு நூறு என்று நான் சொன்னபோது பின்னாலிருந்து "நாலு வருசம்" என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சி. தன் தலை போகிற நேரத்திலும் கணக்கைத் திருத்துகிறார். பேச்சித்தாய் அவரை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அம்மா ரொம்ப நேரம் முகத்தை இறுக்கமாகவே வைத்திருந்தார். பேச்சித்தாய் செருப்புக் கதைக்கு வந்தாள். "எறங்கிப் போவும்போது பிரேக்குமேல செருப்பக் கழத்தி வச்சிட்டுப் போனாராம் மேடம்." அவ்வளவுதான், அந்த அம்மா ஏழாம் நம்பர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நோட்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது பழையபடி அதிகாரி ஆகியிருந்தார். "சரி. எழுத்துல குடுங்க."

ஒரு வெள்ளைத் தாளில் பேச்சித்தாய் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'நான் எழுபதில் போனதாகச் சொன்னது புளுகு. இதற்கு முன்னால் சொன்னதும் புளுகு.' கீழே கொம்பையா கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷன் தவித்த தவிப்பு இருக்கிறதே, பஸ்ஸில் எட்டாம் வாய்ப்பாடு போட்ட கைக்குத் தன் பெயரை எழுத வரவில்லை. கடைசியில் எழுதினார். நாங்கள் மூன்று பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். ஸ்டிக்கர் முன்கண்ணாடியில் ஏறியது.

போவதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் 'ஓட்டுநரிடம் பேசாதீர்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது.

"அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுதணும்," என்றார். "'ஓட்டுநர் பேசுவதை நம்பாதீர்'. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள எழுதியிருக்கணும். அடுத்த வருஷம் வந்து பார்ப்பேன்."

அண்ணாச்சி மறுநாளே எழுதிவிட்டார். அந்த வருஷம் முழுக்க ஏழாம் நம்பரில் போன பிள்ளைகள் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்த வரியைத்தான் என்று பேச்சித்தாய் சொன்னாள்.

அடுத்த மே மாதமும் வந்தது. அதே மைதானம், அதே வரிசை, ஏழாம் நம்பரின் அதே நிழல். புதிதாக ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்த டிரைவர் ஒருத்தர் வந்திருந்தார், செல்லப்பாண்டி என்று பெயர், நாற்பது வயது இருக்கும். லாரி ஓட்டிப் பழகிய ஆள், லேசில் எதையும் நம்பாத முகம். அவர் ஏழாம் நம்பருக்குள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"அண்ணாச்சி, இது என்ன உள்ள இப்படி எழுதியிருக்கு? யாரு எழுதுனது?"

அண்ணாச்சி மீசையைத் தொடவில்லை. குரலை உயர்த்தவில்லை. "போன வருசம் இதே எடத்துல, பிரேக் இன்ஸ்பெக்டரம்மாதான் எழுதச் சொன்னாவ. அதுக்குப் பெறவுதான் வண்டிய பாஸ் பண்ணுனாவ," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. எனக்குத் தெரிந்து அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை.

செல்லப்பாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே எட்டி அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

"போங்க அண்ணாச்சி. கவர்மெண்டு ஆபீசர் இப்படி எழுதச் சொல்லுவாங்களா? புளுகுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

அண்ணாச்சிக்குக் குரல் உடைந்துவிட்டது. "சத்தியமாவே! இந்தா, இவளக் கேளும். சாட்சிக் கையெழுத்தே போட்டிருக்கா. ஏ தாயி, சொல்லேன்!"

பேச்சித்தாய் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி? அன்னைக்கு நான் லீவு."